வேப்பிலை கட்டாத கதவு

முதலில் வீங்கியது கண்ணிமை. காலையில் எழுந்தால் இரண்டு இமைகளும் தண்ணீரில் ஊறிய அவல்போல உப்பியிருக்கும். வெயில் ஏற ஏற வடிந்துவிடும். தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். பிறகு செருப்பு வார் புறங்காலில் பள்ளம் வைத்தது. பிறகு வளையல் கழலவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸைத் தூக்கவே ஒரு மனசு வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர் குண்டாயிட்டாங்கடீ" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சந்தோஷமாகச் சொன்னாள். தங்கச் சுரங்கத்து ஊரில் ஒருத்தி குண்டாவது நல்ல சேதி.

என் வீட்டுக்காரர் வைண்டிங் இன்ஜின் ஓட்டுகிறவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் கேஜ் அவர் பிடிக்கும் பிடியில்தான் இறங்கும், ஏறும். இறங்கிய கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது; கீழேயிருந்து வரும் மணியைக் கேட்டுத்தான் இயக்க வேண்டும். அதனால் வீட்டிலும் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பிசைந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ மூச்சு வாங்குற சத்தம் சரியில்ல. மேடு ஏறி வந்தாப்புல கீது. உக்காந்துக்கினுதான கீற?"

கேம்ப் ஆஸ்பத்திரியில் என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்கள். எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்பகுதி மெல்ல வெளுத்து, வெந்த முட்டையின் வெள்ளைபோலத் திரண்டது. கம்பவுண்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அய்யாகிட்ட போங்க" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் வார்த்தைகள் எப்போதும் கனமானவை. அன்றே பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பெங்களூர் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் ஒரே நீளமாகப் பெஞ்சு. உள்ளே ஒருவர் கூப்பிடப்பட்டால் மிச்சப் பேர் எல்லாரும் ஒரு முழம் நகர்ந்து உட்காருவோம். நகர்ந்த இடத்தில் முன்னவரின் சூடு மிச்சமிருக்கும். இருமல், தும்மல், குழந்தையின் மூக்குச்சளி எல்லாம் அந்தப் பெஞ்சோடு சேர்ந்தே நகர்ந்தன. அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மனிதர்கள் ஒட்டி உட்காருவது எனக்குப் பிடிக்கும். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள் நான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அடுத்த வீட்டு இருமல்தான் எங்களுக்குக் கடிகாரம்: முதல் ஷிப்டுக்குப் போகிறவர் இருமினால் விடிந்தது என்று அர்த்தம்.

என்னைப் பார்த்த டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். மூத்திரக்காய் என்பது ஒரு சல்லடை என்று சொன்னார். கழிவை விட்டுவிட்டுச் சத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சல்லடை. என்னுடையதில் கண்கள் பெரிதாகிவிட்டன. சத்து ஒழுகிப் போகிறது, தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

"ஏன் டாக்டர் அப்படி ஆச்சு?"

"உடம்புல காவல் இருக்கு இல்லையா, வெளியே இருந்து வர்ற கிருமியை அடிக்கிறதுக்கு? அது ஆள் தெரியாம சொந்த வீட்டையே அடிக்குது. நாங்க கொடுக்கிற மாத்திரை அந்தக் காவலைத் தூங்க வைக்கும். ஸ்டீராய்டுன்னு பேரு."

எனக்கு உடனே சுரங்கத்துக்குள் இறங்கும் எங்கள் ஷாஃப்ட் வாசல் ஞாபகம் வந்தது. ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்களை வாட்ச்மேன்கள் தடவிச் சோதனை போடுவார்கள், எவன் மடியில் தங்கக் கல் இருக்கிறதோ என்று. ஒரு பாவமும் அறியாதவனைத்தான் அதிகம் தடவுவார்கள். என் உடம்பின் வாசலிலும் அப்படிப்பட்ட வாட்ச்மேன்கள். இப்போது அவர்களுக்கு மயக்க மருந்து. சரி, அடி நிற்கும். ஆனால் வாசல்?

மாத்திரை வேலை செய்தது. வீக்கம் இறங்கியது, சிஸ்டர் தினமும் என்னை எடை போட்டுவிட்டு, "நல்லா ஒழியுது, நல்லா ஒழியுது" என்று தன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லுவார். உடம்பிலிருந்து இறங்கிய வீக்கம் முகத்துக்கு வந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு பௌர்ணமி. மாத்திரை போடும் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகுமாம். உப்பில்லாத உப்புமா தின்றேன், உப்பில்லாத ரசம் குடித்தேன். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வருவார். டிபன் கேரியரில் எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஒருமுறை அவருடையதில் ஒரு வாய் எடுத்தேன். அதிலும் உப்பு இல்லை. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அந்தச் சப்பென்ற சோற்றைத் தின்றோம். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு நெருக்கமாக நாங்கள் உட்கார்ந்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. நிறுத்தினா அதுவே ஆபத்து. போடுற வரைக்கும் கூட்டத்துக்குப் போகாதே. காய்ச்சல்காரங்க பக்கத்துல வேண்டாம். முக்கியமா அம்மை. மத்தவங்களுக்குச் சின்னம்மை கொஞ்ச நாள் அரிப்பு, அவ்வளவுதான். உனக்கு அது நெஞ்சுக்குள்ள இறங்கும். உனக்கு முன்னாடி ஒருமுறையாவது வந்திருக்கா?"

வந்ததில்லை. வந்தவர்களுக்கு மறுபடி வராது என்றும், எனக்கு அந்தக் கவசம் இல்லை என்றும் சொன்னார்.

லைனுக்குள் நுழைந்ததும் என் கண் கதவுகளைத்தான் பார்த்தது. எங்கள் ஊரில் அம்மை வந்த வீட்டில் யாரும் நோயின் பேரைச் சொல்ல மாட்டார்கள். "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள், அதையும் வெளியில் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார்கள். வாசலில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கும். அதைப் பார்த்தால் போதும். வெளியாட்கள் உள்ளே போக மாட்டார்கள், அந்த வீட்டுக்காரர்களும் வெளியே எதையும் கொடுக்க மாட்டார்கள், குழாயடிக்கு எல்லாரும் போன பிறகுதான் வருவார்கள். எங்கள் அடுத்த வீட்டுக் கன்னியம்மாவின் வாசலில் அந்தக் கொத்து தொங்கியது. சருகாகிக் காய்ந்து, பழுப்பாக.

"அது பழசு," என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர். "கன்னியம்மாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி ஒரு மாசத்துக்கும் மேல ஆவுது. டீச்சர் பயப்படாம வரட்டும்னு அவளே சொல்லி வுட்டா."

அப்படியும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அந்த வாசலைக் கடந்தேன். கன்னியம்மா உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி முறம் நின்றது. பிறகு புடைத்தாள்.

எங்கள் வீட்டு வாசலில் நான் வாழ வந்த நாளிலிருந்து வேப்பிலை தொங்கியதில்லை. நாங்கள் புத்தரை ஏற்ற குடும்பம். என் மாமனாரின் தங்கை பெரியம்மையில் செத்தவள். அம்மை குத்துகிறவர் லைனுக்கு வந்தபோது ஆத்தா கோபிப்பாள் என்று அவளை ஒளித்து வைத்தார்கள். குத்திக்கொண்ட பிள்ளைகள் பிழைத்தன. ஒளித்து வைத்தவளைப் புதைத்தார்கள். அன்றைக்கு மாமனார் வாசலில் தொங்கிய கொத்தைப் பிய்த்து எறிந்தாராம். "நம்ம வூட்டுக்கு எந்த ஆத்தாளும் வரமாட்டா. நோய்தான் வரும். நோய் வந்தா டாக்டர் வருவான்." அவர் சாகும்வரை அதுவே எங்கள் வீட்டுச் சட்டம். அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. இன்றும் அதைத்தான் நான் நம்புகிறேன்.

அந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியவன் என் கொழுந்தன் அசோகன். இரண்டு வரிசை தள்ளி, மனைவியோடும் மகள் பாப்பாவோடும் இருந்தான். கீழே, ஆழமான லெவலில் வேலை. நான் வந்த மறுநாளே ஷிப்டு முடித்துக் குளித்து, தலையை வாரிக்கொண்டு, ஒரு பை ஆரஞ்சோடு வந்தான். என் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இன்னா அண்ணி, பெங்களூர் காத்து ஒத்துக்கிச்சி போல? மூஞ்சி சும்மா தேர்ல வர்ற சிலையாட்டம் கீது."

"கிண்டலா பண்ற? மாத்திரைடா அது."

"எனக்கும் ரெண்டு குடுங்க. உங்க தங்கச்சி நான் எளச்சிட்டேன்னு அழுவுறா."

"பாப்பா எப்படி இருக்கா? கூட்டிட்டு வரலியா?"

"ரெண்டு வாரம் முன்னாடி லேசா காய்ச்சலு அண்ணி, நாலஞ்சு நாள் படுத்தா. ஆயிடிச்சி. இப்ப ஆடிக்கினு கீது. எனக்கும் இன்னிக்கி ஒடம்பு கசகசன்னு கீது, கீழ சூடு ஜாஸ்தி."

ஆரஞ்சைத் தன் கையாலேயே உரித்து, நார் நீக்கி, ஒவ்வொரு சுளையாக எடுத்துக் கொடுத்தான். நான் தின்றேன். எவ்வளவு நேரம் பேசினோம் என்று தெரியாது. கேலி பேசி நெடுநாளாகியிருந்தது. என் நெற்றியில் கை வைத்து, "காய்ச்சல் இல்ல அண்ணி, நீங்க பொழச்சிக்கினீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அவன் மார்பெல்லாம் நீர்க்கொப்புளம்.

பாப்பாவுக்கு வந்ததும் அதுவேதான். அசோகன் அதை மறைக்கவில்லை. பொய் சொல்லவில்லை. ஆத்தா என்று சொல்ல அவன் நாக்குக்குப் பழக்கமில்லை. அம்மை என்றாலும் அது அந்த அம்மாளின் பேர்தானே என்று எங்கள் வீட்டில் அந்த வார்த்தையையும் விட்டிருந்தோம். எல்லாக் காய்ச்சலும் எங்களுக்குக் காய்ச்சல்தான். மற்ற வீடுகளில் வாய் பேசாததை வாசலில் இலை பேசியது. நாங்கள் இலையை எடுத்தோம். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. சாமியை இறக்கிய கையோடு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு விட்டிருந்த எச்சரிக்கையையும் சேர்த்து இறக்கிவிட்டோம் என்பது, அந்தக் காலையில், அசோகன் தன் வாசலிலேயே நின்று, எங்கள் வீட்டுப் பக்கம் வராமல், "அண்ணா, அண்ணியத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று கத்தியபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

டாக்டரம்மா கேட்டதும் கன்னடத்துக்குப் போனார். எனக்குப் பாதி புரிந்தது. மீதி புரியாததே நல்லது. கொஞ்சம் ஆறிய பிறகு தமிழுக்குத் திரும்பினார்.

"அவனுக்குக் கொப்புளம் வர்றதுக்கு முந்தின நாளே தொத்த ஆரம்பிச்சிடும். பக்கத்துல உக்காந்து பேசினாலே போதும். உனக்கு வர்றதா இருந்தா ரெண்டு வாரம் போல ஆகும். அது வரைக்கும் காத்திருக்கணும். இதுக்குன்னு மருந்து இல்லை."

"ஒண்ணுமே இல்லையா?" என்று இவர் கேட்டார். மணிச் சத்தத்துக்குக் காத்திருப்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு.

டாக்டரம்மா யோசித்தார். ஒரு பழைய வழி உண்டு என்றார். சமீபத்தில் அம்மை வந்து தேறியவர்களின் ரத்தத்தில், அதை எதிர்க்கும் சக்தி புதிதாக நிற்கும். ரத்தத்தை அசையாமல் வைத்தால் சிவப்பு அடியில் படிந்து, மேலே மஞ்சளாக ஒரு தெளிவு நிற்கும். அதை எனக்கு ஏற்றலாம். தூங்குகிற என் காவலுக்குப் பதிலாக இன்னொருத்தரின் காவலைக் கொஞ்ச நாளுக்கு இரவல் வாங்குவது. பலிக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சீக்கிரம் வேண்டும். "உங்க லைன்ல போன மாசம் யாருக்காவது வந்து போச்சா? பெரியவங்களா, திடமா இருக்கணும்."

யாருக்கு வந்தது என்று யாரைக் கேட்பது? இவர் கேட்கவில்லை. அன்றே ரயிலேறிப் போய், காய்ந்த வேப்பிலை தொங்கிய கதவைத் தட்டினார்.

அங்கே நடந்ததை இவர் ஒருமாதிரியும் கன்னியம்மா ஒருமாதிரியும் பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

"என் ரத்தமா?" என்றாளாம் கன்னியம்மா. "இத்தினி வருசமா இந்தூட்டு ஆளு குடிச்சிக்கினு கீறாரு. மிச்சம் இன்னா கீதுன்னு அவரைக் கேளுண்ணே."

அவள் புருஷன் முருகேசன் உள்ளேயிருந்து வந்தார். "வெளையாடாத. இப்பதான் ஒடம்பு தேறிக்கினு கீறா. ஆத்தா எறங்கின ஒடம்பு. அதுல போயி ஊசி குத்தலாமா?"

கன்னியம்மா வாசலில் நின்ற இவரைப் பார்த்துச் சொன்னாளாம்.

"டீச்சர் அன்னிக்கி என் வாசலாண்ட மூக்கப் பொத்திக்கினு போனாங்க. பாத்துக்கினுதான் இருந்தேன். தழை கட்டின வூட்டப் பாத்து பயந்தாங்க. கட்டாத வூட்டுக்காரன் கையால வாங்கித் துன்னாங்க." அதற்கு மேல் அவளும் குத்தவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு, ஆத்தா போயிட்டா. போறவ எதையோ என் ஒடம்புல வுட்டுட்டுப் போயிருக்கான்னு டாக்டருங்க சொல்றாங்க. எனக்கு அது சும்மாதான கீது? அந்தப் பொம்பளைக்கி ஒதவட்டும். சட்டையப் போட்டுக்கினு கெளம்பு."

கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே அவள் வந்து நின்றபோது கையை மடக்கி, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். எங்கள் ரத்தம் பொருந்தியிருந்தது. உள்ளே வரக் கூடாது என்று சிஸ்டர் தடுத்ததால் ஜன்னலுக்கு அப்பாலிருந்து உரக்கச் சொன்னாள்: "இன்னா டீச்சர், புத்தருக்கு என் ரத்தம் ஆவுமா?"

சிரிக்க நினைத்தேன். அழுகைதான் வந்தது. அவள், "அட, அழுவாதீங்க, அதுவும் தண்ணிதான, மூத்திரக்காய்க்கு ஆவாது" என்று அதட்டினாள்.

மஞ்சள் தெளிவு சொட்டுச் சொட்டாக என் கைக்குள் இறங்கியது. விளக்கெண்ணெயின் நிறம். ஒரு பொம்பிளையின் காய்ச்சல், அவள் பட்ட எரிச்சல், அவள் படுத்த வேப்பிலைப் படுக்கை, அதிலிருந்து அவள் எழுந்த பிடிவாதம், எல்லாம் சேர்ந்து ஒரு புட்டிக்குள் இவ்வளவுதான். இறங்கும்போது கை குளிர்ந்தது.

பிறகு காத்திருத்தல். தனி அறை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தட்டுவார்கள். காலை வெளிச்சம் வந்ததும் ரவிக்கையை அவிழ்த்து என் தோலைப் படிப்பேன். வயிறு, மார்பு, தோளின் உள்பக்கம். படித்துப் படித்து என் உடம்பு எனக்கே ஒரு அயல்நாட்டு வரைபடம் ஆகிவிட்டது. மச்சங்களைப் பார்த்துப் பயந்தேன். கொசுக்கடியைப் பார்த்துப் பயந்தேன். பயத்துக்கு ஒரு ருசி உண்டு, உப்பில்லாத ருசி. வராந்தாவில் யாராவது தும்மினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். மனிதர்களின் மூச்சுக்கு இப்படிப் பயப்படுகிற ஒருத்தியாக ஆகிவிட்டோமே என்று நினைத்தபோதுதான், அந்த நீளப் பெஞ்சு ஞாபகம் வந்தது. அதில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் என்னைப்போல வாசல் திறந்து கிடந்தவர்களோ. முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்காது.

வந்தது. வயிற்றில், தொப்புளுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பனித்துளி. தோலின்மேல் யாரோ தவறவிட்டதுபோல. துடைத்தால் போய்விடும் என்று விரலால் தொட்டேன். போகவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அதற்குத் துணை வந்தது.

மூன்று நான்கு நாட்கள் எனக்குத் தொடர்ச்சியாக ஞாபகம் இல்லை. இருமல் வந்தது ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சும் கிணற்றின் அடியிலிருந்து வாளி இழுப்பது மாதிரி. டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயம். இவர் ஒருமுறை வாசலில் நின்று, "எனக்குச் சின்ன வயசுலயே வந்து போச்சு, நான் போகலாம்" என்று சிஸ்டரோடு வாதாடி உள்ளே வந்தார். என் கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தேன். என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கோ ஆழத்தில் நான் கேஜுக்குள் நிற்பதாகவும், மேலே ஒரு கை பிடியை விடாமல் வைத்திருப்பதாகவும் தோன்றியது. அது காய்ச்சலின் கனவாக இருக்கலாம். ஆனால் கயிறு அறவில்லை.

கொப்புளங்கள் பயந்த அளவுக்கு வரவில்லை. நெஞ்சு தெளிந்தது. "கன்னியம்மா கொடுத்ததா, உன் உடம்பா, எனக்குத் தெரியாது," என்றார் டாக்டரம்மா. "எதுவா இருந்தாலும் கும்பிட்டுக்கோ. யாரைன்னு நான் கேக்க மாட்டேன்."

அசோகனும் தேறிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி இவர் ஊரிலிருந்து சேதி கொண்டுவந்தார். படுத்துக் கிடந்தபோதே ஒரு பலகையில் சாக்பீஸால் பெரிய எழுத்தில், "உள்ளே அம்மை. யாரும் வர வேண்டாம்" என்று எழுதி வாசலில் வைத்தானாம்.

"நல்லதுதான?" என்றேன்.

"இன்னா நல்லது? இன்னா எழுதிக்கீதுன்னு பாக்க ஒரு கூட்டமே கிட்ட வந்துடுச்சி. எழுத்துக் கூட்டி மெதுவா படிச்சிட்டு, அப்பறம் கதவத் தட்டி, 'அம்மையா, அசோகா?'ன்னு விசாரிச்சிட்டுப் போறாங்க." சொல்லும்போதே அவர் சிரித்துவிட்டார். "கன்னியம்மா பாத்தா. குழாயடி மரத்துல ஒரு கொத்து ஒடிச்சிக்கினு வந்து அவன் வாசல்ல மாட்டிட்டா. 'இதுக்குப் படிப்பு வேணாம் தம்பி'ன்னா. அவ்ளோதான், ஒருத்தர் கிட்ட வரல."

"அசோகன் கழட்டலியா?"

"பாத்துக்கினு இருந்தான். கழட்டல."

கடைசிப் பொருக்கும் உதிர்ந்தது என்று சிஸ்டர் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன அன்று என்னை அனுப்பிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வண்டி ஏறினோம். கூட்டமில்லாத பெட்டி, வாசலோரம் காற்றில் நின்றுகொண்டே வந்தேன். பங்காருபேட்டையில் இறங்கி எங்கள் ஊர் வண்டிக்கு மாறினோம். அது நிறைந்திருந்தது. கோலார் கோர்ட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், சந்தைக் கூடைகள், மடியில் பிள்ளைகள். எங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு பெரியவர். ஒரு காலத்தில் கல்லில் துளை போட்ட டிரில்லராக இருந்திருப்பார்; பார்த்தாலே தெரியும், தோள் அகலம், நெஞ்சு மட்டும் உள்ளே ஒடுங்கி. கல் தூசி தின்ற நெஞ்சு. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று பேசிக்கொண்டிருந்தார்.

பின்னங்கழுத்துக்கு மேலே, கொண்டைக்கு அடியில், அரித்தது. விரலை விட்டேன். விரல் நுனியில் ஈரம்.

"இன்னா?" என்றார் இவர்.

காட்டினேன். முடிக்குள் ஒளிந்த ஒன்று. இன்னும் காயாத ஒன்று.

"ஒண்ணுதான? முக்காடு போட்டுக்கோ," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் முகம் களைத்திருந்தது. எத்தனை முறை இந்தத் தண்டவாளத்தில் போய் வந்திருப்பார். "இதோ வந்துடும் வூடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அன்னிக்கி என் பக்கத்துல உக்காந்தப்ப அசோகனுக்குத் தெரியாது. இப்ப எனக்குத் தெரியுமே."

எதிரே பெரியவர் மூச்சு இழுத்தார். அந்தச் சத்தத்தை இவர் கேட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்பதை. பிறகு எழுந்து மேலேயிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

"ஏம்மா... எறங்குறீங்க... வண்டி எடுக்கப் போறான்," என்றார் பெரியவர்.

பிளாட்பாரத்தில் தள்ளி நின்றுகொண்டு சொன்னேன்: "அம்மை, பெரியவரே. எனக்கு இன்னும் ஒண்ணு காயல."

பெட்டிக்குள் ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை மார்போடு திருப்பிக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். வண்டி நகர்ந்த சத்தத்தில் அது கேட்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்கா வண்டிகள் நின்றிருந்தன. முதல் வண்டிக்காரரிடம், ஏறுவதற்கு முன்னாலேயே, எட்ட நின்று கேட்டேன்: "பாய், எனக்கு அம்மை காஞ்சுக்கிட்டு இருக்கு. உங்களுக்கு எப்பவாவது வந்து போயிருக்கா?"

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். என் நிலா முகத்தையும் இவர் கையிலிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தூக்கி நெற்றித் தழும்புகளைக் காட்டினார். "நம்மளுக்குச் சின்னதுலயே வந்து போச்சும்மா. குதிரைய மட்டும் நீங்களே கேட்டுக்கோங்க."

வைக்கோல்மேல் ஏறி உட்கார்ந்தோம். ஊரிகம் ரோட்டில் ஜட்கா என்றால் வழியில் கைகாட்டுகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம். சுமையோடு நின்ற ஒரு அம்மாள் கைகாட்டினாள். ஷிப்டுக்குப் போகும் இரண்டு பேர் கைகாட்டினார்கள். வண்டியில் இன்னும் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். பாய் சாட்டையை ஓங்கி, வண்டியை ரோட்டின் அந்த ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டே, காலி வண்டியிலிருந்து உரக்கக் கத்தினார்:

"எடம் இல்ல! எடம் இல்ல!"